வல்லாரை இலை சின்னதாகிவிட்டதா? தயவுசெய்து பிடுங்கிப் போடாதீர்கள்

போன வாரமும் ஒன்று. மொட்டை மாடித் தொட்டியில் இருந்த வல்லாரை "ஒரிஜினல் இல்லை" என்று ஒருவர் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நர்சரியில் பளபளவென்று வட்ட இலையோடு இருந்த இன்னொன்றை வாங்கி வைத்து, அதைத்தான் ஞாபகசக்திக்கு என்று பிள்ளைகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கிப் போட்டதுதான் வல்லாரை. இப்போது சட்டினியாவது அழகுக்கு வளர்க்கும் ஹைட்ரோகாட்டைல் என்ற வேறு செடி. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்டால், "சந்தையில் வாங்கும்போது இலை பெரிசா இருந்தது சார், மாடியில் வைத்ததும் காசு அளவுக்குச் சின்னதாகிவிட்டது, ஏமாற்றிவிட்டான்" என்கிறார்.

யாரும் ஏமாற்றவில்லை. வெயிலில் வைத்தீர்கள், அவ்வளவுதான்.

வல்லாரை தரையோடு ஓடி கணுவுக்குக் கணு வேர் விடும். அப்படி வேர் விட்ட ஒரே கொடியை நடுவில் வெட்டி, ஒரு துண்டைக் குழாயடி நிழலில் ஈர மண்ணிலும் இன்னொன்றை மாடியில் கொளுத்தும் வெயிலிலும் வையுங்கள். நிழலில் இருப்பது வெளிச்சத்தைத் தேடிக் காம்பை நீட்டி, மெல்லிசாக அகல அகலமாக இலை விடும். வெயிலில் இருப்பதற்குக் காம்பு குட்டை, இலை சின்னது, தடிப்பு, தரையோடு படிந்து கிடக்கும். அப்புறம் தொட்டிகளை இடம் மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே விரிந்த இலைகள் அப்படியே இருக்கும், புதிதாக வரும் இலைகள் புது இடத்துக்கு ஏற்றாற்போல மாறி வரும். மூன்றாம் நாளே பார்த்துவிட்டு "மாறவில்லையே" என்று போன் செய்யாதீர்கள், புது இலை வரட்டும்.

எனக்கு இதில் தாங்க முடியாதது இந்த "நாட்டு வல்லாரை, ஹைபிரிட் வல்லாரை" பேச்சுதான். இலை சின்னதாக இருந்தால் நாடு, பெரிதாக இருந்தால் ஹைபிரிட், நாட்டுக்கு விலை அதிகம். யார் கிளப்பிவிட்டது இது? இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து எடுத்தால்தான் அது ஹைபிரிட். இலையின் அகலத்தை விரலால் அளந்து அதைச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் தேங்கும் நிலத்தில் வளர்ந்தது பெரிய இலையோடு சந்தைக்கு வருகிறது. அதே கொடி காய்ந்த புல்தரையில் வளர்ந்திருந்தால் நீங்களே அதை நாட்டு வல்லாரை என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள். இலை அளவை மட்டும் பார்த்து நாடு, ஹைபிரிட் என்று பிரிப்பவரிடம் செடி வாங்காதீர்கள்.

எல்லா வேறுபாடும் இப்படி இடம் மாறினால் மாறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் யோத்தே டூரெசோன் என்ற தாவரவியலாளர், ஹீரேசியம் என்ற செடி கடற்கரை மணல்மேட்டில் குறுகிய இலையோடும் கடலோரப் பாறையில் அகன்ற இலையோடும் வளர்வதைப் பார்த்து, இரண்டையும் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தார். ஒரே மண், ஒரே வெயில், ஆனாலும் இலை வேறுபாடு போகவில்லை. இனம் ஒன்றுதான், ஆனால் அந்தந்த இடத்துக்கான வடிவம் விதையிலேயே ஊறிப்போயிருந்தது. இதற்கு 1922இல் அவர் 'ஈக்கோடைப்' என்று பெயர் வைத்தார். ஆகவே இலை வேறாக இருப்பது இடத்தாலா, பரம்பரையாலா என்பது பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். வாட்ஸ்அப் படத்தில் எனக்கும் தெரியாது.

ஒரே செடியை எதற்குப் பத்து இடத்தில் பறித்துக் காயவைக்கிறோம் என்று என் மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நம் ஊர்க் காடுகளில் வளரும் விராலிச் செடி ஆஸ்திரேலியாவிலும் உண்டு. அங்கே ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் 1880களிலிருந்து சேர்த்த ஹெர்பேரியம் தாள்களை, அதாவது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள்களை எடுத்து இலையை அளந்து பார்த்ததில், 127 ஆண்டுகளில் சராசரியாக 2 மில்லிமீட்டர் குறுகியிருந்தது. ஏற்கெனவே குறுகலான இலை அது. வெப்பம் கூடியதோடு இதை இணைத்து ஆய்வாளர்கள் 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். எவரோ அலுத்துக்கொள்ளாமல் காயவைத்ததால் கிடைத்த கணக்கு.

வயதுக்குத் தகுந்தும் இலை மாறும். ஊட்டியில் யூகலிப்டஸ் கன்றைப் பார்த்தால் காம்பே இல்லாமல் நீலம் பூத்த அகல இலை எதிரெதிராக இருக்கும். வளர்ந்த மரத்தில் நீண்டு வளைந்த இலை தொங்கும். பலாக் கன்றிலும் சில இலைகள் பிளவுபட்டிருக்கும், பெரிய மரத்தில் அதைக் காண்பது அரிது.

சரி, வல்லாரையில் ஏமாந்தால் துவையலோடு போயிற்று. ஊமத்தையில் அப்படி இல்லை. அதன் இலை ஓரம் ஒரே செடியிலேயே ஒன்றில் நேராகவும் இன்னொன்றில் பல் பல்லாகவும் இருக்கும். பூவும் முள்காயும் வராத இளஞ்செடியை, "இலை அந்தக் கீரை மாதிரியே இருந்தது" என்று கீரையோடு சேர்த்துக் கிள்ளிவிடுகிறார்கள். வாய் வறண்டு, கண்பாப்பா விரிந்து, நெஞ்சு படபடத்து, ஆளே யாரென்று தெரியாமல் உளறும் நிலைக்குப் போகும். உயிரும் போகலாம். செடியை அடையாளம் காட்டும் ஆப் சொன்னது என்று என்னிடம் வராதீர்கள். நீங்கள் காட்டிய ஒற்றை இலையைத்தான் அது பார்த்தது.

வல்லாரைக்கு இலை அளவை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். இலையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டில்தான் சேரும். ஓரம் மழுங்கிய பல்லாக இருக்கும். பூ மிகச் சிறியது, சிவப்புச் சாயல், இலைகளுக்கு அடியில் தரையை ஒட்டி ஒளிந்திருக்கும். குடைக்கம்பி போலக் காம்பு இலையின் நடுவில் நின்றால் அது ஹைட்ரோகாட்டைல். மஞ்சள் புனல் பூ வந்தால் அது எலிக்காதிலை என்ற வேறு கொடி. பூக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடையிலேயே கீரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உண்மையான வல்லாரையே ஆனாலும் சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததைப் பறிக்காதீர்கள், உலோகக் கழிவுகளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.

தெரியாத இலையை யாராவது தின்றுவிட்டால் புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மீதி இருக்கும் இலையை மட்டும் இல்லாமல், முடிந்தால் அந்தச் செடியையே வேர், பூ, காயோடு ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் முழுச்செடி, கணு, இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய், வளர்ந்த இடம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். நான் பாதி நாள் வகுப்பிலோ மலையிலோ இருப்பேன். பதில் வரவில்லை என்பதைச் "சரி" என்று எடுத்துக்கொண்டு யாரும் அம்மியை எடுத்துவிட வேண்டாம்.