கோப்பையைக் காட்டிக் கேட்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீடு. ஆயாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம். மகள் ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டி, இது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்கிறார். ஆயா திணறித் திணறி "பிளேட்" என்கிறார். இல்லையம்மா, நன்றாகப் பாருங்கள் என்று மறுபடியும் கோப்பை வருகிறது. மூன்றாவது தடவை ஆயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டர்பனில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எனக்கு இது பழகிய காட்சி. அம்மாவுக்குப் புத்தி மங்கிவிட்டதோ என்ற பயத்தில்தான் மகள் கேட்கிறார். ஆயாவுக்கு அது கோப்பை என்று நன்றாகத் தெரியும், பேர்தான் வரவில்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர். பெரும்பாலானோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே ரத்த ஓட்டம் நின்றால் பல சமயம் வலக்கையும் பேச்சும் சேர்ந்தே விழுந்துவிடும்.

இறந்த செல்கள் திரும்புவதில்லை. முதல் சில வாரங்களில் வீக்கம் வடிய, அதிர்ச்சியில் முடங்கிக் கிடந்த பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அப்புறம், சேதமான இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் பயிற்சியால் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்கின்றன. சிலருக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. முதல் மூன்று மாதம் வேகம் அதிகம். அதோடு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாம் வருடத்தில் புது வாக்கியம் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1860 முதல் இந்தியாவிலிருந்து இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த இந்தக் குடும்பங்களில் இன்று வீட்டுமொழி ஆங்கிலம். ஆயாவின் சிறுவயதோ முழுக்கத் தமிழ். இரண்டு மொழி பேசினால் குழம்பிப்போவார், ஆங்கிலமே போதும் என்று யாரோ மகளிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முதலில் கற்ற மொழிதான் தங்கும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ, 1881-இல். அதிகம் புழங்கிய மொழியே முதலில் திரும்பும் என்றார் பிரெஞ்சு மருத்துவர் பீத்ர், 1895-இல். நடைமுறையில் பெரும்பாலானோருக்கு மொழிகள் ஏறக்குறைய சேர்ந்தே திரும்புகின்றன. சிலருக்கு ஒன்று முந்தும். எது முந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, ஒரு வாசலை நாமே ஏன் அடைக்க வேண்டும்?

அடுத்த முறை போனபோது கொல்லையில் முருங்கைக்கீரை ஒரு கொத்து ஒடித்து ஆயாவிடம் நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் காம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் இடக்கையால் உருவ ஆரம்பித்தார். "முருங்கை..." என்று இழுத்து நிறுத்தினேன். பத்து விநாடி இருக்கும். "கீரை" என்றார். இரண்டாவது கொத்துக்கு நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்.

கோயில் பஜனைப் பாட்டு அவருக்கு வரி பிசகாமல் வரும். பாடத் தெரிகிறது, பேச மட்டும் பிடிவாதமா என்று கோபப்படாதீர்கள். மனப்பாடமானது வரும் வழி வேறு, நினைத்ததைச் சொல்லும் வழி வேறு. ராகத்தைப் பிடித்துப் பேச்சுக்கு அழைத்துவரும் பயிற்சி முறை 1973-இலேயே பாஸ்டனில் உருவானது; அதற்குப் பொறுமையும் பல வாரங்களும் வேண்டும்.

வீட்டில் பேசும்போது டிவியை நிறுத்துங்கள். டீயா, தண்ணீரா என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இன்னொன்று: யாருக்காவது திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை விழுந்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

இப்போது அந்த மகள் என்னிடம் தமிழ்ச் சொற்கள் கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதிப் படத்தோடு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்: வலி, பசி, போதும், வெளியே. காலையில் ஆயா முதலில் தொடுவது 'வெளியே'.