பலகை சொல்லும் சுருதி

வயலினாகச் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால், அதன் மேல்பலகையை இரண்டு விரல்களுக்கு நடுவே லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, மறு கையின் விரல் கணுவால் தட்டினால் தெளிவாக ஒரு சுருதி கேட்கும். பிடிக்கிற இடத்தையும் தட்டுகிற இடத்தையும் மாற்றினால் வேறொரு சுருதி. வயலின் செய்கிற ஆசாரிகள் பல தலைமுறையாக இதைத்தான் செய்துவந்தார்கள். கொஞ்சம் செதுக்குவது, தட்டிக் கேட்பது, மறுபடி செதுக்குவது. எப்போது நிறுத்துவது என்பது அவரவர் காதுக்குத் தெரியும். அந்தக் காது மகனுக்கோ சீடனுக்கோ போகும். அவர்கள் இல்லையென்றால் ஆசாரியோடு மண்ணுக்குப் போகும்.

அந்தத் தட்டலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆக்கி, தெரிந்துகொண்டதை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டவர் கார்லீன் ஹட்சின்ஸ். அமெரிக்காவில் 1911-இல் பிறந்து 2009-இல் தொண்ணூற்றெட்டு வயதில் மறைந்தவர். பிழைப்புக்குப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. படித்தது உயிரியல். சக ஆசிரியர்களோடு சேர்ந்து வாசிக்க வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வியோலாவில் மலிவாக ஒன்றை வாங்கினார், அதன் குரல் பிடிக்கவில்லை, சரி, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று 1947 வாக்கில் ஆரம்பித்தார். முடிய இரண்டு வருடம் ஆயிற்று. பிறகு கார்ல் பெர்கர் என்ற நியூயார்க் கைவினைஞரிடமும், பழைய இத்தாலிய மேதை ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களைப் பழுதுபார்ப்பதில் பெரும் பெயர் பெற்ற சிமோனே சக்கோனியிடமும் முறையாகத் தொழில் கற்றார். நியூ ஜெர்சியில் மான்ட்கிளேர் என்ற ஊரிலிருந்த அவர் வீடே பட்டறையாக மாறிப்போனது.

அந்த நேரத்தில் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஃப்ரெடெரிக் சாண்டர்ஸ் என்ற இயற்பியலாளருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு ரஸல்–சாண்டர்ஸ் இணைப்பு நினைவிருக்கும்; அந்தச் சாண்டர்ஸ்தான். 1930-களிலிருந்து அவர் வயலின்களின் ஒலியை அளந்துகொண்டிருந்தார். ஆனால் கைக்கு வந்ததெல்லாம் விலைமதிப்பற்ற பழைய கருவிகள். இங்கே அரை மில்லிமீட்டர் குறைத்தால் என்ன ஆகும், இந்தத் துளையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க முடியாது. ஸ்ட்ராடிவாரி மேல் உளி வைக்க யார் விடுவார்கள்? வெட்டவும் சிதைக்கவும் தயாரான வயலின்கள் வேண்டும். 1949-இல் அறிமுகமான ஹட்சின்ஸ் அதற்கு ஒப்புக்கொண்டார். மாதக்கணக்கில் செதுக்கிச் செய்த கருவியைச் சோதனைக்காகப் பாழாக்கச் சம்மதிக்கிற கைவினைஞர்கள் உலகத்தில் அதிகம் கிடையாது. அவரிடம் உளியும் இருந்தது, அறிவியல் ஆசிரியையின் பழக்கமும் இருந்தது என்பதுதான் இதில் அதிர்ஷ்டம்.

அப்படிப் பாழானவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டியின் பெயரான 'லெ க்ருயேர்' என்பதைச் சூட்டிய வயலின். அதன் பக்கவாட்டுப் பலகைகளில் சுற்றிலும் 65 துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்க். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு. வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதும்போது கேட்பது அதே வகை ஒலி. கார்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க காற்று வெளியேறும் வழி பெரிதாகும், காற்றின் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒரே கருவி, மரம் மாறவில்லை, தந்தி மாறவில்லை. காற்று மட்டும் மாறுகிறது. குரலில் காற்றின் பங்கு எவ்வளவு என்பது பிரித்துத் தெரிந்துவிடும்.

வயலின் எப்படி ஒலிக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தந்தி மெல்லியது, தானாக அது அறைக்குள் தள்ளும் காற்று அற்பம். தந்திகளைத் தாங்கி நிற்கும் 'குதிரை' என்ற மரத்துண்டு தந்தியின் ஆட்டத்தை வாங்குகிறது. குதிரையின் ஒரு காலுக்கு அருகே, பெட்டிக்கு உள்ளே, மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே ஒரு சிறு மரக்குச்சி செருகப்பட்டிருக்கும். அந்தக் கால் கிட்டத்தட்ட ஊன்றி நிற்கும், மறு கால் துள்ளும். அந்தத் துள்ளலில் மேல்பலகை உள்ளே போய் வெளியே வர, பெட்டியே மூச்சுவிடுகிறது. இந்தப் பெட்டி எல்லாச் சுருதிகளையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. சிலவற்றுக்கு வாரிக்கொடுக்கும் (இதைத்தான் ஒத்ததிர்வு என்பார்கள்), சிலவற்றைக் கண்டுகொள்ளாது. நல்ல வயலினில் காற்றின் முக்கிய ஒத்ததிர்வு இரண்டாம் தாழ்ந்த தந்தியின் சுருதிக்கு அருகிலும், மரத்தின் முக்கிய ஒத்ததிர்வு அதற்கு அடுத்த தந்தியின் சுருதிக்கு, அதாவது 440 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 440 அதிர்வுக்கு), அருகிலும் விழுகின்றன. வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான செல்லோவில் சில நேரம் ஒரே ஒரு சுருதி மட்டும் திக்கித் திணறி ஓநாய்போல ஊளையிடும். தந்தியின் அதிர்வும் பெட்டியின் வலுவான ஒத்ததிர்வும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதால் வருவது அது. அதைப் பற்றி 1916-லேயே ஆராய்ந்து எழுதியவர்களில் நம்ம சி.வி. ராமனும் ஒருவர். ஒளிச்சிதறலுக்கு முந்தைய கொல்கத்தா ராமனுக்கு வயலின்தான் பெரும் பைத்தியம். 1918-இல் வில்லுக்கும் தந்திக்கும் நடக்கும் உறவைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றே எழுதினார்.

ஆக, பெட்டி சரியாக அமைய வேண்டும். அதற்கு ஸ்ட்ராடிவாரியின் பலகைக் கனத்தை அளந்து அப்படியே செதுக்கினால் போதாதா? பலர் செய்து பார்த்தார்கள், போதவில்லை. காரணம் மரம். வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், அடிப்பலகை மேப்பிள். ஸ்ப்ரூஸில் நார் ஓடும் திசையில் இருக்கும் விறைப்பு, குறுக்குத் திசையில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அந்த விகிதமும் எடையும் மரத்துக்கு மரம், ஏன், ஒரே மரத்தின் துண்டுக்குத் துண்டு மாறும். ஒரு துண்டில் மூன்று மில்லிமீட்டர் கனம் தருகிற அதிர்வை இன்னொரு துண்டில் இரண்டே முக்கால் தரலாம். அளவுக்குறிப்பைத் திருடிக்கொண்டு போனாலும் பயன் இல்லை. பட்டறை ரகசியம் என்று இவ்வளவு காலம் பொத்திவைத்ததில் பாதி, வெளியே சொல்லியிருந்தாலும் யாருக்கும் உதவியிருக்காது. உதவக்கூடியது, இந்த மரத்துக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வழி.

ஜெர்மனியின் கிளாட்னி 1787-இல் காட்டிய சோதனை ஹட்சின்ஸுக்குக் கைகொடுத்தது. உலோகத் தகட்டில் மணல் தூவி, விளிம்பை வில்லால் உரசினால் மணல் துள்ளி ஓடி அழகான கோடுகளாக நிற்கும். தகடு அதிராமல் சும்மா இருக்கும் இடங்கள், அதாவது கணுக்கள், அவை. பிரான்சின் ஃபெலிக்ஸ் சாவார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை வயலின் பலகைகளுக்குக் கொண்டுபோனார். பிரித்தெடுத்த ஸ்ட்ராடிவாரிப் பலகைகளை அவருக்குக் கொடுத்து உதவியவர் வில்லோம் என்ற பாரிஸ் வயலின் தயாரிப்பாளர். விஞ்ஞானியும் ஆசாரியும் சேர்ந்தால்தான் இந்தத் துறை நகர்ந்திருக்கிறது. ஹட்சின்ஸ் அந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தார்.

அவருடைய ஏற்பாட்டில் வில் இல்லை, ஒலிபெருக்கி. பலகையின் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி, நான்கு மென்பஞ்சுத் துண்டுகளின் மேல் வைக்க வேண்டும். பஞ்சு கணுக்கோட்டுக்கு அடியில் வருவது முக்கியம், இல்லாவிட்டால் அதிர்வை அது அமுக்கிவிடும். பலகையில் ஜிகினாத் தூளைத் தூவி, கீழேயுள்ள ஒலிபெருக்கியில் ஒரே ஒரு சுருதியை ஒலிக்கவிட்டு, மெதுவாக அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டு போனால், சில இடங்களில் மட்டும் தூள் திடீரென்று உயிர்பெற்றுத் துள்ளும். பலகையின் இயல்பு அதிர்வெண்கள் அவை.

கீழிருந்து மேலாக எண்ணினால் அவற்றில் முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது என்ற மூன்றை அவர் கவனித்தார். முதலாவதில் பலகை முறுகுகிறது; தூள் சிலுவைபோல நிற்கும். இரண்டாவதில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வடிவம். ஐந்தாவதில் பலகையின் விளிம்பை ஒட்டி ஒரு மூடிய வளையம். வளையத்துக்கு உள்ளே பலகை மேலே வரும்போது வெளியே கீழே போகும். மேல்பலகையில் இந்த வளையம் ஏறக்குறைய 350 ஹெர்ட்ஸ் அருகே வரும். ஆசாரியின் காது தட்டலில் பிடித்த கணீர் சுருதி பெரும்பாலும் இந்த ஐந்தாவதுதான். இவ்வளவு காலம் காது கேட்டதைக் கண் பார்த்துவிட்டது! 1970-களில் லேசர் ஹோலோகிராம் எடுத்தும் இதே வடிவங்களை அவரும் சக ஆய்வாளர்களும் உறுதி செய்தார்கள்.

பார்த்தால் மட்டும் போதுமா, சரிசெய்வது எப்படி? இங்கேதான் செதுக்குகிறவருக்கு உண்மையான உதவி. பலகையின் வளையும் விறைப்பு அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்தது. கனத்தில் பத்து சதவீதம் குறைத்தால் விறைப்பில் இருபத்தேழு சதவீதம் போய்விடும். எடையோ பத்து சதவீதம்தான் குறையும். எனவே ஓர் அதிர்வில் பலகை எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே சுரண்டினால் அந்த அதிர்வின் சுருதி இறங்கும். வளையாமல் வெறுமனே ஆடுகிற இடத்தில் சுரண்டினால் எடைதான் குறைகிறது, சுருதி கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். இரண்டாவதும் ஐந்தாவதும் வெவ்வேறு இடங்களில் வளைகின்றன. அதனால் ஒன்றை அதிகம் தொடாமல் மற்றதை இறக்க முடியும். வளையம் ஒரு பக்கம் கோணியிருந்தால் அந்தப் பக்கம் விறைப்பு சமமாக இல்லை என்று பொருள். எங்கே இன்னும் எடுக்கலாம் என்று தூளே காட்டிக்கொடுக்கும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் சுரண்டி, மறுபடி தூள் தூவிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எந்த இலக்கை நோக்கிச் சுரண்டுவது? பல வருடச் சோதனைகளுக்குப் பிறகு அவர் சொன்னது: மேல்பலகையின் ஐந்தாம் அதிர்வு இரண்டாம் அதிர்வுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்கட்டும், இரண்டு பலகைகளின் இரண்டாம் அதிர்வுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகட்டும், ஐந்தாம் அதிர்வுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இதை 1981-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில், படங்களோடு, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கிற அளவுக்கு விளக்கினார். அதே இதழில் 1962-லேயே வயலினின் இயற்பியல் பற்றி எழுதியிருந்தார். 1963-இல் சாண்டர்ஸ், பெல் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளரும் செல்லோக்காரருமான ஜான் ஷெல்லெங் முதலியோரோடு சேர்ந்து 'கேட்கட் ஒலியியல் சங்கம்' தொடங்கினார். பழைய தந்திகள் ஆட்டுக்குடலில் செய்தவை. அந்தக் குடல் தந்தியின் ஆங்கிலப் பெயரைச் சங்கத்துக்கு வைத்ததில் கொஞ்சம் கேலியும் உண்டு. சங்கத்தின் செய்திமடலில் ஆசாரியின் சந்தேகமும் பேராசிரியரின் சமன்பாடும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. அவர் வீட்டுப் பட்டறையில் கற்றுக்கொண்டு போனவர்கள் பலர். அவர் கைப்படச் செய்ததும் மேற்பார்வையில் உருவானதுமாகக் கருவிகள் நானூறுக்கும் மேல். அந்தக் கருவிகளைவிட அந்தச் செய்திமடல்தான் பெரிய கொடை என்பது என் எண்ணம்.

இந்த முறை நல்ல வயலினுக்கு உத்தரவாதமா? இல்லை. பலகையைச் சட்டத்தில் ஒட்டியதும் அதன் விளிம்புகள் கட்டுண்டுவிடும். சுதந்திரமாக இருந்தபோதைய வடிவங்கள் அப்படியே நிற்பதில்லை, முழுக் கருவிக்கு வேறு அதிர்வுகள் பிறக்கின்றன. பிற்காலத்தில் நல்ல வயலின்களையும் சுமாரானவற்றையும் முழுக்கருவியாக வைத்து அளந்தவர்கள், பலகைச் சுருதியை மட்டும் வைத்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது என்றே கண்டார்கள். அதில் முக்கியமானவர் ஜார்ஜ் பிஸிங்கர். அந்தத் துளை வயலின் ஆய்வில் ஹட்சின்ஸோடு வேலை செய்தவரே அவர். முறையை வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் அதைச் சோதித்து மறுக்கவும் முடிந்தது. ஒரு பலகை தடியாகவோ மெலிந்தோ போய்விடாமல் காக்கிற வழிகாட்டியாக இன்றும் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அவருடைய பெரிய கனவான, எட்டு அளவுகளில் வயலின்கள் கொண்ட குடும்பமும் பாதிதான் பலித்தது. வியோலாவும் செல்லோவும் தங்கள் சுருதிக்கு ஏற்ற பெரிய உடம்பு இல்லாதவை. வயலினின் உடல் நீளம் 35.5 சென்டிமீட்டர். வியோலாவின் சுருதி ஐந்து ஸ்வரம் கீழே என்பதால் கணக்குப்படி 53 சென்டிமீட்டர் வேண்டும். அதைத் தோளில் தாங்க யாரால் முடியும்? இசையமைப்பாளர் ஹென்றி பிராண்ட் 1957-இல் கேட்டுக்கொண்டதன் பேரில், ஷெல்லெங்கின் அளவுக் கணக்குகளை வைத்து, வயலினைவிட ஒரு ஸ்தாயி மேலே பாடும் குட்டியிலிருந்து ஆளுயரத்தைத் தாண்டும் பெரிய பாஸ் வரை எட்டுக் கருவிகளைச் செய்தார். பெரிய வியோலாவைச் செல்லோபோல நிறுத்தி வைத்து வாசிக்க வேண்டும். செல்லோ கலைஞர் யோ-யோ மா அதில் இசையமைப்பாளர் பார்டோக்கின் கான்செர்ட்டோ ஒன்றை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். குரல் அருமைதான். ஆனால் வாசிக்கிறவர் புதிய உடம்பைப் பழக வேண்டும், அதற்கான இசை எழுதப்பட வேண்டும், இசைக்குழுக்கள் இடம் தர வேண்டும். இயற்பியலால் அதையெல்லாம் செய்ய முடியாது.

கேட்கட் சங்கம் 2004-இல் அமெரிக்க வயலின் சங்கத்தோடு இணைந்துவிட்டது. இன்றைக்குப் பலகையைத் தட்டிக் கைபேசிச் செயலியில் பிடித்தாலே அதிர்வெண் எத்தனை என்று திரையில் வந்துவிடும், ஜிகினாத் தூள்கூட வேண்டாம். ஆனால் செயலி எண்ணை மட்டும்தான் காட்டும். பலகை எந்தப் பக்கம் கோணியிருக்கிறது, அடுத்து எங்கே சுரண்டலாம் என்று அறிய வேண்டுமென்றால் இன்னும் அந்தத் தூளும் ஒரு ஒலிபெருக்கியும்தான்.