வீட்டில் ஓட்டா, சாவடியில் ஓட்டா? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த வசதி 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி 85 ஆக்கிவிட்டார்கள். '80 தாண்டியாச்சு, வீட்டுக்கே வருவாங்க' என்று காத்திருப்பவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இதற்கான விண்ணப்பம் படிவம் 12டி. வாக்காளர் பட்டியலில் மாற்றுத்திறனாளி என்று குறிக்கப்பட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் பூர்த்தி செய்து கொடுத்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சான்றிதழ் நகலையும் இணைக்க வேண்டும். தேர்தல் தேதியைச் செய்தியாளர் கூட்டத்தில் சொல்வது வேறு, தொகுதிக்கான அறிவிக்கை வெளியாவது வேறு. அந்த 5 நாள் கணக்கு அறிவிக்கையிலிருந்துதான் தொடங்கும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால், வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டு அலுவலர்கள் குழு வீட்டுக்கு வரும். கூடவே வீடியோ எடுப்பவரும் போலீஸ்காரரும் இருப்பார்கள். வேட்பாளர்களின் முகவர்களும் வந்து பார்க்கலாம். கொடுப்பது காகித வாக்குச்சீட்டு. அதில் குறியிட்டு, உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். முதல் முறை நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் அவ்வளவுதான்.

ஏனென்றால் 12டி ஏற்கப்பட்டதுமே பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராகத் தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் போட விடமாட்டார்கள். அதனால்தான் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன். இது விருப்பம், கட்டாயம் இல்லை. 'உங்களுக்குத்தான் வீட்டுக்கே வர்றாங்களே, சாவடிக்கு எதுக்கு?' என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. சாய்தளமும் சக்கர நாற்காலியும் வரிசையில் முன்னுரிமையும் சாவடியில் இருந்தே ஆக வேண்டும். வாக்குச்சாவடிகள் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

வீட்டு ஓட்டில் எனக்கு உள்ள பெரிய கவலை ரகசியம். சாவடியில் மறைப்புக்குள் நீங்கள் தனியாக நிற்பீர்கள். வீட்டிலோ மகன், மருமகள், பேரன் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். 'அந்தச் சின்னத்துல போடும்மா' என்று ஒருவர் சொன்னாலே போச்சு. எல்லோரும் வெளியே போகட்டும் என்று அலுவலரிடம் கேளுங்கள். ரகசியத்தைக் காப்பது அவர் கடமை.

பார்வையற்றவர்கள் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். காகிதச் சீட்டை விரலால் படிக்க முடியாது. ஆனால் சாவடியில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தான்கள் பக்கத்தில் வரிசை எண்கள் பிரெயிலில் இருக்கும். தலைமை அலுவலரிடம் கேட்டால் வேட்பாளர் பட்டியல் அச்சடித்த பிரெயில் தாளும் கொடுப்பார். அதைத் தடவிப் படித்து, உங்கள் வேட்பாளரின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் அதே எண்ணுக்கான பொத்தானை அழுத்தலாம். பிரெயில் தெரிந்தவருக்கு, யாருக்கும் தெரியாமல் ஓட்டுப் போட இதைவிட நல்ல வழி இல்லை.

பிரெயில் தெரியாதவர், கையால் அழுத்த முடியாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். துணை வருபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மட்டும்தான் துணையாக இருக்க முடியும். கட்சிக்காரர் ஒருவரே வரிசையாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போவதைத் தடுக்கவே இந்த விதி. ஓட்டை ரகசியமாக வைத்திருப்பேன் என்று துணை வருபவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். பொத்தானை நீங்களே அழுத்த முடியுமென்றால், துணைவர் மறைப்பு வரை வந்தால் போதும், உள்ளே வர வேண்டாம்.

இடது கையில் விரல் இல்லாதவர்களுக்கும் விதியில் வழி இருக்கிறது. வலது கை விரலில் மை வைப்பார்கள். இரண்டு கையிலும் விரல் இல்லையென்றால் கையின் நுனியில் வைப்பார்கள். இதைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

சரி, இப்போதே என்ன செய்யலாம்? பட்டியலில் மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 8 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்‌ஷம் என்ற தேர்தல் ஆணையச் செயலியிலும் கேட்கலாம், அதிலேயே சக்கர நாற்காலிக்கும் பதிவு செய்யலாம். செல்போன் பழக்கம் இல்லாதவர்கள் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், இல்லையென்றால் உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரை நேரில் பார்க்கலாம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால், மேலே சொன்ன 12டி அங்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளாமல் அப்போது தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.