டி.ஆர்.பி. அயனித் தடம்: சொல் விளக்கம்

தொலைக்காட்சிக்காரர்களின் டி.ஆர்.பி. அல்ல, இது உயிரணுச் சவ்வில் இருந்துகொண்டு அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, கடக்க விடும் ஒரு புரதக் குடும்பம். சூட்டையும் குளிரையும் நரம்புக்குச் சொல்பவற்றில் பல இதைச் சேர்ந்தவை. ஆனால் பெயரில் வெப்பத்தின் சுவடே இல்லை, ஏனென்றால் அது பிறந்தது பழ ஈயின் கண்ணில். 1969இல் விவரிக்கப்பட்ட ஒரு பிறழ்வு ஈயின் கண், விடாமல் ஒளி பட்டாலும் சற்று நேரமே மின்குறி தந்து ஓய்ந்துவிட்டது. 'நிலைக்காத ஏற்பி மின்னழுத்தம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் டி.ஆர்.பி. குறைபாட்டின் பெயர் மரபணுவுக்குப் போய், அப்புறம் புரதத்துக்கும் அதன் சொந்தங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எதைத் தொட்டு எரிச்சல் தருகிறது என்று தேடி, இந்தக் குடும்பத்தின் டி.ஆர்.பி.வி.1-ஐக் கண்டார்கள். சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் அதே புரதம்தான் திறக்கிறது. மிளகாய் 'சுடுவது' இதனால்தான். குளிருக்கும் மெந்தாலுக்கும் திறக்கும் டி.ஆர்.பி.எம்.8 பற்றிய ஆய்வுகள் 2002இல் வெளிவந்தன.

சரி, ஒரு புரதத்துக்குச் சூடு எப்படித் தெரிகிறது? நான்கு துணை அலகுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை அமைக்கின்றன. இந்தப் புரதம் மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். டி.ஆர்.பி.வி.1 திறக்க நிறைய ஆற்றல் வேண்டும். திறந்தால் என்ட்ரோபியும், அதாவது ஒழுங்கின்மையின் அளவும், நிறையக் கூடும். வெப்பநிலை உயர உயர என்ட்ரோபியின் கை ஓங்கி, திறந்த வடிவமே நிலைக்கிறது. குளிர் உணரிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஆற்றல், என்ட்ரோபி இரண்டுமே பெரிய எண்கள் என்பதால் மாற்றம் சட்டென நிகழ்கிறது: 10 டிகிரி உயர்ந்தால் பெரும்பாலான புரதங்களின் வேகம் 2, 3 மடங்கு கூடும், இதன் மின்னோட்டமோ 20 மடங்குக்கும் மேல். துளை வழியே சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய, நரம்பு குறி அனுப்புகிறது. புரதத்தின் எந்தப் பகுதி முதலில் அசைகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சச்சரவு உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? ஃபாரடே 1834இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'அயன்', 'போவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 'அயனி' தமிழில் வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். 'தடம்', 'கால்வாய்' இரண்டும் எப்போதும் திறந்தே கிடக்கும் வழியைத்தான் நினைவூட்டுகின்றன. திறந்து மூடுவதே இதன் வேலை என்பதால் 'மதகு' இன்னும் பொருந்தும். டி.ஆர்.பி. குடும்பத்தில் எல்லாமே வெப்பத்தை உணர்பவை அல்ல. உணர்பவற்றை மட்டும் 'வெப்ப உணர் அயனி மதகு' எனலாம். ஈயின் குறைபாட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைப்பதில் பயனில்லை, டி.ஆர்.பி.வி.1 போன்ற குறியீடுகள் அப்படியே இருக்கட்டும்.