புரோப்ரியோசெப்ஷன்: நாய்க்குப் பின்னங்கால் இருப்பது நாய்க்குத் தெரியுமா?

நாய்ப் பயிற்சி வீடியோ எதைத் திறந்தாலும் இந்தச் சொல் வந்து விழுகிறது. கண்ணால் பார்க்காமலே கை கால் எங்கே இருக்கிறது, எப்படி மடங்கியிருக்கிறது என்று உடம்புக்குத் தெரிகிறதே, அதுதான். தசை, தசைநாண், மூட்டு இவற்றில் உள்ள உணர்விகள் அந்தச் சேதியை ஓயாமல் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

லத்தீனில் 'ப்ரோப்ரியஸ்' என்றால் தனக்கே உரியது. 'உள்வாங்குதல்' என்ற பொருளுள்ள பகுதியை அதோடு ஒட்டி 1906-இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் ஷெரிங்டன், 1932-இல் மருத்துவ நோபல் பெற்றவர்.

சரி, தமிழில்? 'தன்னுணர்வு' என்றால் 'நான்' என்கிற நினைப்பு ஆகிவிடும். 'மெய்யுணர்வு' கேட்க அழகு, மெய் என்றால் உடம்புதானே. ஆனால் குறளில் 36-ஆம் அதிகாரமே மெய்யுணர்தல், அங்கே அது உண்மையை அறிவது, நம் நாய்க்கு ஞானம் பிறந்த கதையாகிவிடும். 'உடல்நிலை உணர்வு' என்று எழுதினால் காய்ச்சலா என்பார்கள். எனவே எழுத்தில் 'உறுப்புநிலை உணர்வு' என்பேன். பேச்சில் 'கால் நிதானம்' போதும். நிதானம் வடசொல்தான், இருந்துவிட்டுப் போகட்டும், நாய் வளர்ப்பவருக்குச் சட்டென்று புரிகிறதே.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில், மழைக்காலத்தில் பாசி பிடித்த கல்படியில் நாயோடு இறங்குபவர்களுக்கு இது வெறும் சொல் இல்லை. முன்னங்காலை நாய் பார்த்து வைக்கும், பின்னங்கால் பாட்டுக்கு இழுபட்டு வரும், வழுக்குவதும் பெரும்பாலும் அதுதான்.

பழக்குவதற்கு வீட்டில் சாப்பிட உட்காரும் மணை ஒன்று போதும், ஆனால் அது தரையில் நகரக்கூடாது, அடியில் சாக்கு போடுங்கள். முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைத்தால் அவித்த கோழி ஒரு துணுக்கு. அப்புறம் தின்பண்டத்தை மூக்கருகே பிடித்து மெதுவாக ஒரு பக்கம் கொண்டுபோனால் தலை திரும்பும், இடுப்பு எதிர்ப்பக்கம் நகரும். பின்னங்கால் ஒரு எட்டு எடுத்து வைக்கிற அந்த நொடியில் 'சபாஷ்' சொல்லி உடனே கொடுங்கள். நேரம் தப்பினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. கையால் இடுப்பைத் தள்ளவே வேண்டாம், தள்ளினால் நகர்வது உங்கள் பலத்தில், அது தானாகக் கற்றுக்கொண்டதாக ஆகாது. மணையை விட்டு இறங்கினால் திட்டாமல் மறுபடி ஏற்றுங்கள்.

மூங்கில் கழிகளைத் தரையில் வரிசையாகப் போட்டு நடக்க வைப்பது அடுத்தது. இது குதிரைப் பயிற்சியிலிருந்து வந்தது. ஓடவிடாதீர்கள், நடந்தால்தான் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தூக்கும். எலும்பு முதிராத குட்டிக்குத் தாண்டுகிற உயரம் வேண்டாம்.

கால்நடை மருத்துவர் நிற்கிற நாயின் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்துப் பார்ப்பதும் இந்த உணர்வைச் சோதிக்கத்தான். நலமான நாய் உடனே திருப்பி வைத்துவிடும். அப்படியே மடங்கி நின்றால், அல்லது நகம் தரையில் உரச நடந்தால், கோழித்துண்டை எடுத்து வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.