வாலில் ரத்தம் பார்த்துவிட்டுச் சினை ஊசிக்கு அழைக்காதீர்கள்

"டாக்டரம்மா, நாலு ஊசி போட்டாச்சு. ஒண்ணுகூட நிக்கல. குச்சி சரியில்லையா?"

சினை ஊசி என்பது காளையின் விந்தை மெல்லிய குழல் வழியாக மாட்டின் கருப்பைக்குள் செலுத்துவது. குச்சி என்பது அந்த விந்தை உறையவைத்து அடைத்திருக்கும் சிறு குழாய். இந்த வாரம் மட்டும் இந்தக் கேள்வி என் காதில் விழுவது மூன்றாவது தடவை. மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்தேன். வால் குஞ்சத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம் காய்ந்து, மயிர் கற்றையாக ஒட்டியிருந்தது. உறை மாட்டிக் கைவிட்டுப் பார்த்ததில், வலது சினைப்பையில் முட்டை வெடித்து வெளியேறிய இடம் விரல் நுனிக்குக் குழிவாகத் தட்டுப்பட்டது.

"போன தடவையும் ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் ஊசிக்குச் சொன்னீங்களா?"

"நாலு தடவையும் அப்படித்தாம்மா. ரத்தம் போட்டாத்தானே பருவம்?"

அந்த மாட்டிடம் ஒரு குறையும் இல்லை. நான்கு முறையும் முட்டை செத்த பிறகு ஊசி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரத்தம் கண்ணெதிரே தெரிந்தும் ஊசியைப் போட்டுவிட்டுப் போனவர்கள் மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். "இப்போது வேண்டாம், அடுத்த பருவத்தில் கூப்பிடுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

மாட்டுக்கு வரும் ரத்தம் மாதவிலக்கு இல்லை. பெண்களுக்குக் கரு தரிக்காதபோது கருப்பையின் உள்சவ்வு உரிந்து ரத்தமாக வெளியேறும். மாட்டுக்கு அப்படி எதுவும் உரிவதில்லை. பருவத்தின்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும், கருப்பையின் உள்ளே ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். பருவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும்போது அந்த நுண்குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசியும். பருவம் வந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அது வாலில் தெரியும். கிடேரிகளில் பெரும்பாலானவற்றுக்கும், கன்று ஈன்ற மாடுகளில் ஏறக்குறைய பாதிக்கும் இப்படி வரும்.

சரியான நேரத்தில் ஊசி போட்டவர்களையும் இந்த ரத்தம் விடுவதில்லை. இரண்டாம் நாள் ரத்தத்தைப் பார்த்ததும் "சினை கலைஞ்சிடுச்சு" என்று பதறுகிறார்கள். கலையவில்லை. அந்த நேரத்தில் கரு ஒருசில செல்களாகக் கருக்குழாயில்தான் இருக்கும். கருப்பைக்குள் இறங்கவே நான்கைந்து நாள் ஆகும். ரத்தம் வந்த மாடும் சினையாக இருக்கலாம், வராத மாடும் சினை பிடிக்காமல் போகலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பதற்றத்தில் மறுபடி ஒரு ஊசி போடச் சொல்கிறீர்களே, அதுதான் ஆபத்து. பருவம் முடிந்து புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறத் தொடங்கியதும் கருப்பையின் நோய் எதிர்ப்பு குறைந்துவிடும். அப்போது குழல் வழியாகப் போகும் அழுக்கு உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும்.

அப்படியானால் எப்போது போடுவது? மற்ற மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்கிறதா, அதுதான் பருவத்தின் உறுதியான அடையாளம். தாவுகிற மாடு அல்ல, நின்று கொடுக்கிற மாடு. ஒற்றை மாடாகக் கட்டி வளர்ப்பவர்கள் கத்தல், பால் குறைவு, அடிக்கடி சிறுநீர், கண்ணாடிபோல் தெளிவாகத் தொங்கும் வழும்பு இவற்றைப் பாருங்கள். எருமை பெரும்பாலும் சத்தம் காட்டாது, அதற்கு வழும்பையும் சிறுநீரையும்தான் நம்ப வேண்டும். காலையில் அடையாளம் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ட்ரிம்பர்கர் என்ற ஆய்வாளர் நேரம் நேரமாக ஊசி போட்டுப் பார்த்துக் கண்ட வழக்கம் இது. பருவ அடையாளங்கள் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். வந்த பிறகு சில மணி நேரமே அதற்கு உயிர். விந்தணு அதற்கு முன்பே போய்க் காத்திருக்க வேண்டும்.

குச்சி கெடவே கெடாது என்று சொல்ல மாட்டேன். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்க வேண்டியது அது. கலனில் நைட்ரஜன் குறைந்தாலும், குச்சியை வெதுவெதுப்பான நீரில் சரியாக இளக்காமல் உள்ளங்கையில் தேய்த்துப் போட்டாலும் வீண்தான். ஆனால் என்னிடம் வரும் மாடுகளில் குச்சியைவிடக் கடிகாரம்தான் அதிகம் கெடுக்கிறது.

ரத்தத்தைப் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அன்றிலிருந்து பதினாறாம் நாள் தொடங்கி, காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் மாட்டின் அருகில் நில்லுங்கள். தீவனம் போட்டுக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பது கணக்கில் வராது. நிறைசினை மாட்டுக்கு ரத்தம் வந்தாலோ, ரத்தத்தோடு நாற்றம் இருந்தாலோ அது வேறு கதை, உடனே மருத்துவரை அழையுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்துச் சினைப் பரிசோதனை செய்யாமல் "பருவத்துக்கு வர ஒரு ஊசி" போட விடாதீர்கள். சினை மாட்டில் சிலது பருவ அடையாளம் காட்டும். அதற்குப் பருவத்தை வரவைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் உள்ளே இருக்கும் கன்று வெளியே விழுந்துவிடும். போன மாதம் அப்படி விழுந்த ஒன்றை நான் கையில் ஏந்தினேன். நான்கு மாதக் கன்று, குளம்பெல்லாம் வந்திருந்தது.