மேற்கோள் எண்ணிக்கை சிதறும் இடங்கள்

ஆண்டறிக்கை எழுதும் நேரம் வந்ததும், டெல்டாவின் மருத்துவ ஆய்வு நிறுவனங்கள் பலவற்றில் ஆய்வுக் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் பதிவு செய்யும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தைத் திறந்து, நிறுவனத்தின் பெயரைத் தட்டி, வந்த மேற்கோள் எண்ணிக்கையை (பிற கட்டுரைகள் நம் கட்டுரைகளை எத்தனை முறை சுட்டின என்பதை) அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது உண்மையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். செய்த ஆய்வு வேறு வேறு பெயர்களின் கீழ் சிதறிக் கிடப்பதே காரணம்.

முதலில் முகவரி. ஒரே நிறுவனத்தார் ஒரு கட்டுரையில் தஞ்சாவூர் என்றும் இன்னொன்றில் டாஞ்சூர் என்றும் எழுதுகிறார்கள். திருச்சிராப்பள்ளியும் ட்ரிச்சியும் அப்படித்தான். அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிக்கல் இன்னும் பெரிது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ராசா மிராசுதார் மருத்துவமனையில் பணிபுரிபவர் மருத்துவமனைப் பெயரை மட்டும் போட்டால், கட்டுரை கல்லூரிக் கணக்கில் வராமல் போகலாம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போட்டால் அது சென்னைக்குப் போய்விடும். துறை, மருத்துவமனை, கல்லூரி, ஊர், அஞ்சல் எண் என ஒரே வடிவத்தைக் கல்லூரி முதல்வரின் அலுவலகமே சுற்றறிக்கையாக அனுப்பி, முதுநிலை மாணவர் வரை எல்லோரும் அதையே நகலெடுத்து ஒட்டும்படி செய்ய வேண்டும்.

அடுத்தது நம் பெயர். நமக்கு இருப்பது இன்ஷியல். ஆய்விதழின் படிவம் கேட்பதோ குடும்பப் பெயர். ஒருமுறை அந்தக் கட்டத்தில் ‘எஸ்’ என்று மட்டும் போட்டு, அடுத்தமுறை அப்பா பெயரை முழுதாக எழுதினால், தரவுத்தளத்தில் ஒருவரே இருவராகிவிடுவார். இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒருவரின் பத்துக் கட்டுரைகளுக்கு 40, 22, 15, 9, 6, 5, 3, 2, 0, 0 என்று மேற்கோள்கள் இருந்தால், ஆய்வாளரின் மேற்கோள் வலுவைச் சொல்லும் ஹெச்-இண்டெக்ஸ் 5: குறைந்தது 5 மேற்கோள் பெற்ற 5 கட்டுரைகள் உள்ளன, 6 பெற்ற 6 இல்லை. இவை 40, 15, 6, 3, 0 என்றும் 22, 9, 5, 2, 0 என்றும் தரவுத்தளத்தில் இரு ஆசிரியர் பக்கங்களாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 3தான் வரும். இரண்டையும் கூட்டி 6 என்று எழுதுவதும் தவறு.

இதற்கு வழி, ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண். இலவசம்தான். கட்டுரை அனுப்பும்போதே அதைக் கொடுக்க வேண்டும். பழைய பெயர் வடிவங்களை அதில் ‘வேறு பெயர்கள்’ பகுதியில் சேர்க்க வேண்டும். ஸ்கோபஸில் பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்க அந்தத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் எதிர்ச்சிக்கல்: கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை விட்டுவைத்தால், அதே பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரைகளும் நுழைந்துவிடும். மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றி வையுங்கள்.

எண் சரியானபின் அதைப் படிப்பதிலும் தவறு நேர்கிறது. 20 கட்டுரைகளில் 19க்கு மும்மூன்று மேற்கோள். நூற்றுக்கணக்கானோர் எழுதிய ஒரு பன்னாட்டுக் கட்டுரைக்கு 743. சராசரி 40! வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை மதிப்போ 3. நிறுவனத்தின் அன்றாட ஆய்வைச் சொல்வது அந்த 3தான். இரண்டையும் சேர்த்தே வெளியிடுங்கள். கட்டுரைகள் வந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை (இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை)க் கூட்டி ‘மொத்தம்’ என்று போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். அது இதழுக்கான அளவு. தனிக் கட்டுரையை அதனால் மதிப்பிடக் கூடாது என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா (DORA) பிரகடனமே சொல்கிறது.

துறை வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். வயல்வேலை செய்வோரின் பாம்புக்கடியையோ எலிக்காய்ச்சலையோ பற்றிய ஆய்வைப் புற்றுநோய் ஆய்வோடு நேரடியாக ஒப்பிடுவது அநியாயம். அந்தத் துறைகளில் எழுதுவோரே குறைவு, மேற்கோள் காட்டுவோரும் குறைவு. துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்பச் சீராக்கிய மேற்கோள் அளவில் உலகச் சராசரி 1. அதைப் பயன்படுத்துங்கள். சிகிச்சை வழிகாட்டி ஒன்றில் உங்கள் ஆய்வு எடுத்தாளப்பட்டிருந்தால், அது தரவுத்தளங்களில் பதிவாகாமல் போகக்கூடும். வழிகாட்டியின் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அறிக்கையில் தனியாக எழுதுங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் எடுத்தது, சுயமேற்கோள் (தன் கட்டுரையைத் தானே சுட்டுவது) உட்படவா நீக்கியா என்பதை ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே குறித்து வையுங்கள்.